மொக்கையன் பேர் போட்ட செட்டு

போடிநாயக்கனூரில் ரேடியோ விற்கிற கடைகள் மூன்று இருக்கின்றன. ரேடியோ செய்கிறவர் ஒருவர்தான். அவர் பெயர் மொக்கையன். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த சண்டை முழுவதும் அந்தப் பெயரால்தான் வந்தது.

மொக்கை என்றால் எங்கள் பக்கம் மழுங்கிப்போனது என்று அர்த்தம். வெட்டாத அரிவாள் மொக்கை, எழுதாத பென்சில் மொக்கை. ஆனால் அதுவே சாமி பெயரும்கூட. தேவாரம் என்ற ஊருக்கு மேற்கே, மொக்கையன் வீட்டார் கும்பிடுகிற குலசாமிக்கு மொக்கச்சாமி என்று பெயர். மூத்த மகனுக்கு அந்தப் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். வைத்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள்.

பதினெட்டு வயதில், யுத்த காலத்தில், அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். ஜபல்பூரில் வயர்லெஸ் வேலை கற்றுக்கொடுத்தார்கள். அங்கே பெயர் எழுதின குமாஸ்தாவுக்கு வாயில் நுழையவில்லை. 'முக்கையா' என்று எழுதிவிட்டார். கூட இருந்த மதுரைக்காரர்கள், "நல்லதாப் போச்சுடா, அப்படியே வச்சுக்க, கவுரவமா இருக்கு" என்றார்கள். மொக்கையன் மூன்று தடவை மனு எழுதிப் போட்டு, கடைசியில் அதிகாரி முன்னால் போய் நின்று, தன் பெயரைத் திருத்தி வாங்கினார். "அது எங்க சாமி பேரு. அவருக்கு எழுத வரலேங்கிறதுக்காக எங்க சாமி பேரை மாத்திக்குமா?" என்று கேட்டாராம். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் புரிந்திருக்க வேண்டும்.

யுத்தம் முடிந்து நாற்பத்தாறில் ஊருக்கு வந்தார். நிலம் இல்லை. கையில் இருந்தது வயர்லெஸ் வேலை ஒன்றுதான். அழகுமலை ரேடியோ கடையில் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தார். அழகுமலை கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். வியாபாரி. போடியில் பாதி வீடுகளுக்கு ரேடியோ கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். ஆனால் ஒரு நாள் நடந்தது இது. வக்கீல் ஒருவருடைய பெரிய செட்டு பேசாமல் போய்விட்டது. மொக்கையன் இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சரி செய்தார். வக்கீல் வாங்க வந்தபோது, பெஞ்சில் மொக்கையன் உட்கார்ந்திருக்கும்போதே, அழகுமலை சொன்னார்: "மதுரையிலருந்து என்ஜினீயரை வரவழைச்சு ரெடி பண்ணியிருக்கு."

வக்கீல் போனதும் மொக்கையன் கேட்டார். "எந்த என்ஜினீயரு அண்ணே? நான் பாக்கலையே?"

"ஏப்பா, மொக்கையன் பாத்தான்னு சொன்னா அவுக நம்புவாகளா? ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்."

மொக்கையன் கையில் இருந்த திருப்புளியைப் பெஞ்சில் வைத்தார். சட்டையை மாட்டினார். "அந்த என்ஜினீயரையே இனிமே வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

பிறகு தனியாகக் கடை போட்டார். கடை என்பது ஒரு கதவு அகலம்தான். இடப்பக்கம் அல்லா பிச்சை பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற பட்டறை. எதிரே ஒச்சப்பன் டீக்கடை. மொக்கையனின் மனைவி சுந்தரம்மாள் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கப் போவார். அந்த வருமானத்தில் சோறு, இந்த வருமானத்தில் கம்பியும் வால்வும்.

அவர் முதலில் செய்த செட்டுகள் எளியவை. அவற்றுக்கு ஒரு குறை இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களைப் பிரிக்காது. திருச்சியில் செய்தி வாசித்தால் அதற்கு அடியில் கொழும்பு பாட்டுப் பாடும். "பரவாயில்லப்பா, ஒரே நேரத்துல ரெண்டு கிடைக்குதே" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். கம்பெனி செட்டுகளில் அந்தக் குறை கிடையாது. காரணம் அவற்றுக்குள் இருக்கும் மிக்சர் என்ற பகுதி. அதைப் போடியில் யாரும் கையால் செய்ததில்லை.

மிக்சர் என்ன செய்கிறது என்று சுந்தரம்மாளுக்கு அவர் விளக்கியதைச் சுந்தரம்மாளே என்னிடம் சொன்னார். புத்தகத்தில் படித்ததைவிட அது எனக்குத் தெளிவாக இருந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

"உங்க கிட்டங்கியில எத்தனை சல்லடை?"

"நாலு. பெருங்காய்க்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ஒண்ணு, இப்படி."

"ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு அளவுக் காய்னு வச்சுக்க. நூறு ஸ்டேஷனுக்கு நூறு சல்லடை செய்ய முடியுமா? அதுக்குப் பதிலா, எந்தக் காய் வேணுமோ அதை மட்டும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மாத்திட்டா? ஒரே ஒரு நல்ல சல்லடை போதும். வேண்டாதது பூரா மேலேயே நின்னுரும்."

"காயை எப்படி மாத்துவீக?"

"அதுக்குத்தான் மிக்சர். ஸ்டேஷன்லருந்து ஒரு அலை வருது. பொட்டிக்குள்ள நாமளா இன்னொரு அலையை உண்டாக்குறோம். ரெண்டையும் ஒரே வால்வுல மோத விட்டா, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூணாவது அலையா வெளிய வருது. நம்ம அலையைக் கூட்டிக் குறைச்சு அந்த வித்தியாசத்தை எப்பவும் ஒரே அளவுல நிப்பாட்டிரலாம். அந்த அளவுக்குத்தான் சல்லடை."

"ஆஸ்பத்திரியில செவப்பா ஊத்திக் குடுக்குற மிக்சரும் இதும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். ஆனா இதைக் குலுக்கிக் குடிக்கக் கூடாது."

ஐம்பத்துநாலில், ஆடி மாதம், மலையிலிருந்து கண்ணுச்சாமி இறங்கி வந்தார். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அவர் கங்காணி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு பேட்டரி ரேடியோ வேண்டும் என்று ஒச்சப்பன் டீக்கடையில் விசாரித்தார். அழகுமலையும் அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஒச்சப்பன் எதிர்க்கடையைக் காட்டினார். "மொக்கையன் செஞ்சு தருவான் கங்காணி. மிக்சர் வச்சு புதுசா ஒண்ணு செய்யிறான்."

அழகுமலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மொக்கை ரேடியோ! பேரே சொல்லிருச்சே கங்காணி, காது கேக்காதுன்னு!"

டீக்கடை முழுக்கச் சிரித்தது. மொக்கையன் தன் கடையிலிருந்து எழுந்து வந்தார். அழகுமலை சிரிப்பை நிறுத்திவிட்டு நிஜமாகவே ஒரு யோசனை சொன்னார்.

"கோவிச்சுக்காத. உன் கை வேலை எனக்குத் தெரியும். செட்டை நீ செய். மேல கம்பெனித் தகட்டை நான் ஒட்டிக்கிறேன். எத்தனை செஞ்சாலும் வித்துத் தர்றேன். உனக்கு என்னப்பா குறை?"

"செய்யிறது நான். பேரு எவனோடதோவா?"

"பேரை வச்சு என்ன பண்ணப் போற? மலையில மழைக்காலத்துல கோட இறங்குறப்ப உன் செட்டு மூச்சு விடாது. அப்ப மொக்கையன் பேரு நாறும். கம்பெனிப் பேருன்னா யாரும் கேக்க மாட்டாக."

மலையில் இருப்பவர்கள் மூடுபனியைக் கோட என்றுதான் சொல்வார்கள். மலையாளச் சொல். எங்களுக்கும் பழகிவிட்டது.

"பாடும்" என்றார் மொக்கையன்.

"பாடலேன்னா?"

"நீங்களே சொல்லுங்க."

"அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கோட இறங்குறப்ப, லயத்துல உன் செட்டு பாடணும். பாடுச்சுன்னா கொட்டை எழுத்துல உன் பேரைப் போட்டுக்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். பாடலேன்னா என் கடைப் பெஞ்சுக்குத் திரும்பி வா. நீ செய்யிற செட்டுக்கெல்லாம் கம்பெனித் தகடு."

"சரி."

வீட்டில் சுந்தரம்மாள் கேட்டார். "என்னை ஒரு வார்த்தை கேக்காம சரின்னுட்டா வந்தீக?"

"ஆமா."

"வேற என்னமும் சொல்லியிருந்தா இன்னைக்குச் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டு வட்டிலை எடுத்து வைத்தார்.

மிக்சருக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பேக்கலைட் பலகை அறுத்தார் மொக்கையன். அதில் துளை போட்டு, செருப்பு தைக்கிறவர்கள் வாருக்கு அடிக்கும் சின்னப் பித்தளை வளையங்களை அடித்து, அவற்றில் கம்பிகளைப் பற்றவைத்தார். நடுவில் வால்வு. பக்கத்தில் சுருள். அந்தச் சுருளைச் சுற்றியது சுந்தரம்மாள். அட்டைக் குழல்மேல் தலைமுடி போன்ற கம்பி, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல். நாள் முழுக்கக் காய் பொறுக்குகிற விரல்களுக்கு அது பெரிய காரியமாக இல்லை. எண்ணிக்கை தப்பவில்லை. சுற்றி முடித்ததும் ஈரம் ஏறாமல் இருக்க உருக்கிய மெழுகில் முக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தடங்கல். பற்றவைக்கிற கம்பி மதுரையிலிருந்து வருவது. அதன் உள்ளேயே பிசின் இருக்கும், அதனால் ஈயம் ஓடிப் பிடிக்கும். அது தீர்ந்துபோயிற்று. இன்னும் எட்டு வளையங்கள் பாக்கி. கையில் வெறும் ஈயக்குச்சி. வெறும் ஈயம் பித்தளையில் ஒட்டாமல் தண்ணீர்த் துளி மாதிரி உருண்டது.

பக்கத்துப் பட்டறையிலிருந்து அல்லா பிச்சை எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, ஈயத்தோட மல்லுக்கட்டுற?"

"ஒட்ட மாட்டேங்குது மாமா. மலைக்குப் போற ஜீப்பு நாளைக் காலையில."

"இதுக்கா இந்தப் பாடு?" அல்லா பிச்சை ஒரு சிட்டிகை நவச்சார உப்பைக் காகிதத்தில் கொண்டுவந்து நீட்டினார். "எங்க வாப்பா காலத்துலருந்து போடியில எத்தனை அண்டாவுக்கு ஈயம் பூசியிருக்கோம்! இதைத் தூவுனா ஒட்டாத ஈயம் உண்டா?"

மொக்கையன் தயங்கினார். வயர்லெஸ் வேலையில் உப்பு வகை எதையும் தொடாதே என்று பட்டாளத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவசரம். நவச்சாரத்தைத் தொட்டு வைத்தார். புகை கிளம்பியது. ஈயம் பளபளவென்று ஓடிப் பிடித்தது. எட்டு வளையங்களும் எட்டு நிமிடத்தில் முடிந்தன. அல்லா பிச்சை பாத்திரத்தைத் துடைப்பதுபோலவே ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துக் கொடுத்தார். பாத்திரத்துக்கு அது போதும்.

பிறகு சோதனை. மிக்சருக்குள் நாமாக உண்டாக்குகிற அலை உண்டாகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஆனால் பக்கத்தில் பாடுகிற இன்னொரு ரேடியோவுக்குக் கேட்கும். அந்த ஸ்டேஷனின் அலையோடு நம் அலை நெருங்கினால் அந்த ரேடியோ விசிலடிக்கும். எதிரே ஒச்சப்பன் டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மொக்கையன் பேட்டரியை மாட்டிவிட்டு, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார்.

டீக்கடை ரேடியோ வீல் என்று அலறியது.

ஒச்சப்பன் கரண்டியோடு தெருவுக்கு ஓடி வந்தார். "ஏலேய்! வாய்ப்பாட்டு நடக்குதுடா! என்னடா பண்ற?"

"கத்துச்சாண்ணே?"

"கத்துச்சாவா? காது கிழிஞ்சுபோச்சு!"

"இப்ப?" மொக்கையன் குமிழைத் திருகினார்.

உள்ளேயிருந்து டீ குடிக்கிறவர்கள் கூச்சல் போட்டார்கள். "யோவ் ஒச்சப்பா, உன் ரேடியோவுக்குப் பேய் பிடிச்சிருச்சுய்யா!"

"நல்லா வீல்னு கத்துதா? இல்ல கம்மலாக் கத்துதா? சரியாச் சொல்லுங்கண்ணே."

"நல்லாக் கத்துதுடா, நாசமாப் போறவனே!"

"அப்பச் சரி" என்றார் மொக்கையன். அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள், கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை என்றார்கள். சாயங்காலத்துக்குள் பலகையைப் பெட்டிக்குள் பொருத்தி, திருச்சியைத் தனியாகவும் கொழும்பைத் தனியாகவும் பிரித்துக் காட்டினார். பெட்டியின் முகப்பில் பெயர் எழுத இடம் விட்டு வைத்திருந்தார். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

சனிக்கிழமை அழகுமலையின் ஜீப்பிலேயே எல்லாரும் போனார்கள். அழகுமலை ஒரு கம்பெனி பேட்டரி செட்டையும் ஏற்றிக்கொண்டார். மொக்கையன் செட்டு ஊமையானால் அங்கேயே அதை விற்றுவிடலாம் என்பது கணக்கு. போடிமெட்டில் இறங்கி இரண்டு மைல் நடந்தார்கள். மொக்கையன் தன் செட்டைச் சாக்கு விரித்த கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டார். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

லயத்து முற்றத்தில் இரண்டு மணிக்கு செட்டு பாடியது. ஏலக்காட்டிலிருந்து வந்த பெண்கள் கால் சேற்றைக்கூடக் கழுவாமல் சுற்றி நின்றார்கள். மருதாயி என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், காய் எடுப்பில் முதல் ஆள். அவர் பெட்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இம்புட்டுச் சின்னப் பொட்டிக்குள்ள அந்த ஆளு எப்படிண்ணே உக்காந்திருக்காரு?" என்று கேட்டார். எல்லாரும் சிரிக்க, அவரும் சிரித்தார். அவருக்குத் தெரியாமல் கேட்கவில்லை.

நாலு மணிக்குக் கோட இறங்கியது. முதலில் எதிர்ச் சரிவு மறைந்தது. பிறகு ஸ்டோர், அதாவது ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம், மறைந்தது. பிறகு பத்தடியில் நிற்கிற ஆள் மறைந்தார். செட்டின் குரல் மெலிந்தது. செய்தி வாசிக்கிறவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் போய்விட்டார். வெறும் இரைச்சல்.

அழகுமலை தன் கம்பெனி செட்டைத் திறந்து வைத்தார். அது அதே மூடுபனியில், அதே செய்தியை, விட்ட இடத்திலிருந்து வாசித்தது.

அழகுமலை மொக்கையனைத் தனியே அழைத்துப் போனார். குரலில் ஏளனம் இல்லை என்று பக்கத்தில் நின்ற கண்ணுச்சாமி சொல்கிறார். "நாளைக்கு வரைக்கும் இழுத்து அசிங்கப்பட வேணாம். பேட்டரி பழசுன்னு நான் சொல்லிர்றேன். நீ எங்கூட இறங்கிரு. திங்கக்கிழமை பெஞ்சுல உக்காரு. தகட்டை ஒட்டிக்குவோம்."

"பேட்டரி புதுசு அண்ணே."

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்."

"அந்தப் பேச்சு எனக்கு வேணாம். கெடு நாளைக்குச் சாயங்காலம்."

ஞாயிறு காலை மொக்கையன் செட்டை லயத்து முற்றத்தில், நடு இடத்தில் வைத்துப் பிரித்தார். மறைவாக உட்கார்ந்து பார்க்கும்படி கண்ணுச்சாமி ஸ்டோரில் ஒரு மூலையைக் காட்டினார். வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் இருந்தார்கள். என்ன செய்கிறார் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தார்.

முதலில் மீட்டர் வைத்து பேட்டரியை அளந்தார். நன்றாக இருந்தது. வால்வு உயிரோடு இருந்தது. பிறகு மிக்சரின் சொந்த அலையை அளக்கிற இடத்தில் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. ஊமையானது எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து அலை வருகிறது. உள்ளே அதனோடு மோத ஆள் இல்லை.

"ஆத்தா, ஒரு சட்டியில கங்கு கொண்டா" என்று மருதாயியிடம் கேட்டார். கங்குச் சட்டியைப் பலகைக்குக் கீழே காட்டினார். முள் மெதுவாக எழுந்தது. சட்டியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் முள் படுத்துவிட்டது.

"ஈரம்" என்றார். "சுருள்ல மெழுகு இருக்கு. அங்க ஈரம் ஏறாது. வேற எதுவோ தண்ணி குடிக்குது."

பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எட்டு வளையங்களைச் சுற்றிலும் மட்டும் ஈரம் பூத்து மினுங்கியது. பித்தளையில் லேசாகப் பச்சை. பேட்டரியைக் கழற்றினார். பலகையை வாயருகே கொண்டுபோய் நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"ரேடியோவை நக்குற மெக்கானிக்கை இன்னைக்குத்தான் பாக்குறேன்!" என்று அழகுமலை சத்தமாகச் சிரித்தார்.

மொக்கையன் துப்பினார். உப்பும் கசப்புமாகக் கரித்தது. நவச்சாரம். எங்கள் ஊர் வெயிலில் அது காய்ந்த பொடியாகக் கிடந்தது. மலைக் காற்றில் ஈரத்தை இழுத்துக் கரைந்து, ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால் வெட்டியிருந்தது. மிக்சருக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த வாய்க்காலில் ஓடிப்போயிற்று.

கோட மேல் பழி போட்டிருக்கலாம். அல்லா பிச்சையின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து நின்று சொன்னது இதுதான். "தப்பு என் கையில. அண்டாவுக்குப் போடுற நவச்சாரத்தை ரேடியோவுக்குப் போட்டேன். போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டேன்."

அழகுமலை விடவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "கேட்டுக்கிட்டீகளா? தப்புன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். இவன் பேரு போட்ட செட்டையா வாங்கப் போறீக?"

மொக்கையன் அவர் பக்கம் திரும்பினார். "ஆமாண்ணே. தப்பு என்னோடது, அதனாலதான் பேரும் என்னோடது. உங்க தகட்டை ஒட்டியிருந்தா இந்தத் தப்புக்கு இப்ப யாரு எந்திரிச்சு நின்னிருப்பா? அந்த மதுரை என்ஜினீயரா?"

கண்ணுச்சாமி தலையைச் சொறிந்தார். மருதாயிதான் பேசினார். "நம்ம தோட்டத்துப் பங்களா செட்டு ஊமையாகி ஆறு மாசம் ஆச்சு. அதுல இங்கிலீசுல என்னமோ பேரு பொறிச்சிருக்கு. யாருன்னே தெரியாது, யாரைப் போய் வைய? இந்த அண்ணன் பேருன்னா, பாடலேன்னா போடிக்கு இறங்கி வாசல்ல நின்னு வஞ்சுட்டு வரலாம்ல?"

"வா ஆத்தா. வய்யி. டீ வாங்கித் தர்றேன்" என்றார் மொக்கையன்.

"முதல்ல பாடட்டும். அப்புறம் டீ."

வெந்நீர் கொண்டுவந்தார்கள். வேப்பங்குச்சி நுனியை நசுக்கி, எட்டு வளையங்களையும் அவற்றுக்கு நடுவே உள்ள இடத்தையும் தேய்த்தார். நாலு தடவை கழுவினார். ஒவ்வொரு தடவையும் நாக்கால் தொட்டுப் பார்த்தார். கரிப்பு போகும்வரை விடவில்லை. பிறகு பலகையை ஸ்டோருக்குள் கொண்டுபோய், சூட்டுக் குழாய்க்கு மேலே, காய்த் தட்டுக்குப் பக்கத்தில் மத்தியானம்வரை உலர வைத்தார். வெளியே எடுத்தபோது அதில் ஏலக்காய் வாசம் அடித்தது. லயத்தில் புகை போட வைத்திருந்த குங்கிலியப் பிசினைப் பொடித்து, சூட்டுக்கோலைக் கங்கில் காய வைத்து, எட்டு வளையங்களையும் சுரண்டிப் புதிதாகப் பற்றவைத்தார். குங்கிலியத்தில் ஈயம் அவ்வளவு சுலபமாக ஓடவில்லை. ஒரு வளையத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. பிறகு பலகை முழுக்க மெழுகு.

மூன்றரை மணிக்குப் பெட்டியை மூடினார். கோட அன்று சீக்கிரமே வந்தது, மழையோடு. சரிவு மறைந்தது. ஸ்டோர் மறைந்தது. கண்ணுச்சாமி குமிழைத் திருகப் போனார். மொக்கையன் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க. நல்லா நனையட்டும்." முகத்திலும் மயிரிலும் ஈரம் முத்து முத்தாகக் கோக்கிறவரை எல்லாரையும் காக்க வைத்தார். அழகுமலை இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு மொக்கையனே திருகினார்.

முதலில் இரைச்சல். மருதாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மொக்கையன் குமிழை நகர்த்தினார். திருச்சி வந்தது. யாரோ ஒருவர் வேளாண்மை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நெல் நாற்றுக்கு எரு எவ்வளவு என்று. அந்தச் சரிவில் யாருக்கும் ஒரு குழி நெல் வயல் கிடையாது. ஆனால் முழுவதையும் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். பிறகு கொழும்பு வந்தது, பாட்டோடு. தனியாக வந்தது. அடியில் திருச்சி இல்லை. ஒரு மணி நேரம் பாடியது. மழை கூடியது. குரல் மெலியவில்லை.

அழகுமலை எழுந்து தன் கம்பெனி செட்டைச் சாக்கில் சுற்றினார். "கங்கு காட்டாமப் பாடுது" என்று மட்டும் சொன்னார். வாயைத் திறக்க மாட்டேன் என்ற வார்த்தையை அதற்கு மேல் அவர் மீறவில்லை. "ஜீப்பு போடிமெட்டுல நிக்குது. இருட்டுறதுக்குள்ள இறங்கணும். வர்றியா?"

மொக்கையன் ஸ்டோரிலிருந்து, ஏலக்காய் மூட்டைக்கு மார்க் போடுகிற கறுப்பு மையும் தூரிகையும் வாங்கிவந்திருந்தார். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். 'மொ' என்று எழுதினார். ஈரத்தில் அது வழிந்தது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடி வழிந்தது. மருதாயி கேட்காமலே கங்குச் சட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தார். முகப்புப் பலகை காய்ந்ததும் மூன்றாவது தடவை எழுதினார். நின்றது. மூட்டைக்குப் போடுகிற எழுத்து அளவில், முகப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மொக்கையன், போடி.

"ஏப்பா, நேரமாச்சு. வர்றியா இல்லையா?" என்று வழியில் நின்று கூப்பிட்டார் அழகுமலை.

மொக்கையன் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க போங்கண்ணே. இது காயணும்."